ஆறு பேர்ச் வளவுக்கு எந்தப் பூமரம்?

வீடு, கார் நிற்கும் இடம், மதில் எல்லாம் போக, வெள்ளவத்தையில் ஆறு பேர்ச் காணியொன்றில் மிஞ்சுவது பத்தடிக்குப் பத்தடி முற்றம்தான். பூவைப் பார்த்து மயங்க வேண்டாம். வளர்ந்து முடிந்தால் எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்று கேட்டு வாங்குங்கள்.

அதிகம் ஏமாறுவது மயில்கொன்றையில். அது பத்தடி அளவில் நிற்கும், வெட்டிவிட்டால் ஆறடிக்குள்ளும் அடங்கும். ஆனால் தெருவோரத்தில் குடைபோல விரிந்து சிவக்கும் குல்மோகரின் கன்றும் பார்வைக்கு அதுபோலவே இருக்கும். அதை மதிலோரம் நட்டால் வேர் மதிலையே தூக்கும். இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மயில்கொன்றையின் சிற்றிலை விரல்நகமளவு, தண்டில் பெரும்பாலும் முள் இருக்கும். குல்மோகரின் சிற்றிலை அதைவிட மிகச் சிறியது, நெருக்கமானது, முள்ளே கிடையாது. மயில்கொன்றைக்கு நாள்முழுக்க வெயில் வேண்டும்.

அடுத்த வீட்டு மாடி வெயிலை மறைக்கிறதா? அடுக்கு நந்தியாவட்டைதான் என் தெரிவு. ஆறு முதல் எட்டடி, அரைநிழலிலும் பூக்கும், பூசைக்கும் பறிக்கலாம். புதராக விடாமல் நேரான ஒரு தண்டை மட்டும் வைத்து, மூன்றடி வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டால் அழகான சின்ன மரமாகும்.

கடற்காற்று நேரே அடிக்கும் வளவுக்குக் குட்டை அரலிய (ஈழத்தலரி) நல்லது. உப்பைத் தாங்கும், தண்ணீர் தேங்குவதைத் தாங்காது. அடித்தண்டைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள்: அமுங்கினால் அழுகல் தொடங்கிவிட்டது, வாங்க வேண்டாம். இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் தெரிந்தால் அது துரு நோய். விழுந்த இலைகளைக் கூட்டி அகற்றிவிடுங்கள், மரத்தடியில் விட்டால் நோய் திரும்பவும் பரவும்.

நடுவதற்கு முன் ஓரடிக் குழி வெட்டி இரண்டு முறை தண்ணீர் நிரப்புங்கள். இரண்டாவது முறை மணிக்கு ஓரங்குலம்கூட வற்றாவிட்டால், மண்ணை அரையடி மேடாக்கி அதன்மேல் நடவேண்டும். கொழும்பின் ஒக்டோபர், நவம்பர் மழையில் குழிக்குள் கிடக்கும் வேர் மூச்சுவிடாமல் செத்துப்போகும். குழி இரண்டடி அகலம் போதும், ஆழம் வேர்க்கட்டியின் அளவுக்கே. மண் இரண்டு பங்குக்குக் கூட்டெரு ஒரு பங்கு. பையைக் கழற்றியதும் வேர்கள் வட்டமாகச் சுற்றியிருந்தால் கத்தியால் நாலு பக்கமும் மேலிருந்து கீழாக ஒரு கீறு கீறிவிடுங்கள், இல்லாவிட்டால் அதே வட்டத்திலேயே தடித்துத் தன் தண்டையே நெரிக்கும். தண்டின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்.

புது வீடென்றால் இன்னொன்று. மேசன்மார் கொட்டிய சீமெந்துக் கழிவு மண்ணுக்குள் கிடக்கும். அதன் சுண்ணாம்பு மண்ணிலுள்ள இரும்பை மரத்துக்கு எட்டாமல் செய்துவிடும். தளிரிலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது அதனால்தான். எவ்வளவு பசளை போட்டாலும் மாறாது, அந்த மண்ணையே அள்ளி மாற்ற வேண்டும்.