ஜீப்ல டீசல் ஒழுகல, ஆனா ஏர் எடுக்குது: பேஞ்சோ போல்ட்டும் காப்பர் வாஷரும்

பழைய மஹிந்திரா எம்எம் 540, பெஜோ எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின். காலையில ஒழுங்கா ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச நேரத்துல மூச்சு வாங்கிட்டு நின்னுடும், கை பிரைமர (லைன்ல டீசல கையால ஏத்தற குட்டி பம்ப்) நாலு அடி அடிச்சா திரும்ப ஓடும், ராத்திரி நிறுத்தி வச்சா மறுநாளும் அதே கூத்து. கீழ குனிஞ்சு பாத்தா ஒரு சொட்டு டீசல் கிடையாது, எல்லா ஜாயிண்டும் காய்ஞ்சு கிடக்குது. ஷெட்டுல பாத்தவரு லீக் இல்ல, டேங்க்லேர்ந்து டீசல உறிஞ்சி அனுப்பற ஃபீட் பம்ப் போச்சு, கழட்டிடலாம்னாரு. பம்புல கை வைக்கறதுக்கு முன்னாடி லைன ஒரு தடவ முழுசா பாத்துடலாம்னு நானே இறங்கிட்டேன்.

டேங்க்லேர்ந்து ஃபீட் பம்ப் வரைக்கும் உறிஞ்சற பக்கம். அங்க ஜாயிண்ட் லூஸா இருந்தா டீசல் வெளிய வராது, வெளிக்காத்து உள்ள போகும். இளநீர் குடிக்கற ஸ்ட்ராவுல மேல ஒரு கீறல் இருந்தா என்ன ஆகும், அதே கதைதான். வண்டி நின்னதும் அந்த வழியாவே காத்து புகுந்து லைன்ல இருக்கற டீசல் டேங்க்குக்கே இறங்கிடும், அதான் காலையில இந்த நாடகம். அதனால ஈரம் எங்கன்னு தேடறது இந்த பக்கத்துல வேலைக்கு ஆகாது.

கண்ணாடி மாதிரி தெரியற பிளாஸ்டிக் டியூப் ஒரு துண்டு வாங்கி ஃபீட் பம்புக்கு முன்னாடி லைன்ல சேத்து ஓடவிட்டேன், குமிழ் குமிழா போகுது. அதே துண்ட டேங்க் பக்கமா மாத்தினேன், குமிழே இல்ல. அப்போ காத்து நடுவுலதான் ஏறுது, நடுவுல இருக்கறது முன்னாடி ஓனர் யாரோ மாட்டி விட்ட வாட்டர் செபரேட்டர், அதாவது டீசல்லேர்ந்து தண்ணிய பிரிக்கற டப்பா, ஒன்னுதான். (இந்த டியூப் சோதனைக்கு மட்டும், டீசல்ல நாள்பட இருந்தா விறைச்சு வெடிச்சுடும், அப்படியே விட்டுடாதீங்க.)

செபரேட்டர்ல ரெண்டு பக்கமும் பேஞ்சோ போல்ட், அதாவது நடுவுல ஓட்ட உள்ள போல்ட், ஹோஸ் முனையில இருக்கற வளையத்துக்குள்ள நுழைஞ்சு இறுகும். கழட்டினா மரை பூரா டெஃப்லான் டேப் சுத்தி வச்சிருக்கு! எதுக்குன்னே புரியல, ஏன்னா இந்த ஜாயிண்ட்ல மரைக்கு சீல் பண்ற வேலையே கிடையாது, வளையத்துக்கு மேல ஒன்னு கீழ ஒன்னு இருக்கற வாஷர்தான் சீல் பண்ணுது, மரை சும்மா அழுத்திப் பிடிக்க மட்டும். ஃபிளேர் நட் (முனைய விரிச்சு விட்ட பைப்ப அழுத்திப் பிடிக்கற நட்) இருக்கற பைப்லயும் இதேதான், அங்க கூம்பு முகம் சீல் பண்ணும். டேப்போட நூல் பிஞ்சு பம்புக்குள்ள போனா அது தனி செலவு. டேப்போ சீலண்ட்டோ தேவப்படறது சரிவா போற டேப்பர் மரைக்குத்தான்.

ரெண்டு போல்ட்ல ஒன்னு நீண்டு போயிருந்துச்சு. நல்ல நட் ஒன்ன கையால ஓட்டிப் பாத்தா தெரியும், பாதி வரைக்கும் சல்லுன்னு போய் நடுவுல பிடிக்கும். உள்ள ஓட்ட, பக்கத்துலயும் குறுக்கு ஓட்ட, அதனால அதே சைஸ் சாதா போல்ட்டு தாங்கற அளவு இது தாங்காது. சீல் ஆகலன்னதும் இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு யாரோ நீள ஸ்பேனர் போட்டு இழுத்திருக்காங்க. சென்னை ஜி.பி. ரோட்டுல புது போல்ட் கிடைச்சுது, பழச தூக்கிப் போட்டுட்டேன்.

காப்பர் வாஷர் புதுசும் மலிவுதான், ஆனா பழசயும் பதப்படுத்தி பாக்கணும்னு ஆச. காப்பர் நசுங்க நசுங்க கெட்டியாகும், கெட்டியானா மேடு பள்ளத்துல உக்காராது. சாயங்கால மங்கல் வெளிச்சத்துல கேஸ் டார்ச்ல மங்கின சிவப்பு வர வரைக்கும் சூடு பண்ணி தண்ணியில போட்டேன், இரும்பு மாதிரி இது தண்ணியில விறைக்காது, இளகியேதான் இருக்கும். கருப்பு செதில நைஸ் எமரி பேப்பர்ல தேச்சு எடுத்தா போதும். அலுமினிய வாஷர்ல இத செய்யாதீங்க, அது 660 டிகிரில உருகிடும், நிறமும் மாறாது, திடீர்னு சொட்டிடும். ரப்பர் ஒட்டின வாஷரும் கூடாது. ரொம்ப பள்ளம் விழுந்தது, குறுக்க கீறல் உள்ளது எதையும் காப்பாத்த நினைக்காதீங்க.

மாட்டறப்ப நான் கவனிச்சதுல முக்கியமானது, போல்ட்ட முதல்ல எதிர்ப்பக்கம் திருப்பினா மரை ஒரு இடத்துல சின்னதா 'டக்'னு விழும், அங்கேர்ந்து கையாலயே ஏத்தணும். கையால ஏறலன்னா மரை குறுக்க ஏறுதுன்னு அர்த்தம், ஸ்பேனர எடுக்கவே கூடாது. கடைசி இறுக்கத்துல ரெண்டு கையும் வேணும், ஒன்னு ஸ்பேனர்ல, இன்னொன்னு வளையத்த அசையாம பிடிக்க, இல்லன்னா ஹோஸும் சேந்து முறுக்கிக்கும், நீளவாக்குல கோடு அச்சடிச்ச ஹோஸ்னா கோடு சுத்திக்கிட்டு போறத வச்சே கண்டுபிடிக்கலாம். ஃபிளேர் நட்டுக்கு சாதா ஓபன் ஸ்பேனர் போட்டா முனை மழுங்கிடும், வாய் கொஞ்சம் வெட்டின ரிங் ஸ்பேனர் தனியா வருது, அத வாங்கிடுங்க.

டார்க், அதாவது எவ்வளவு பலமா இறுக்கணும்ங்கற அளவு, அத பத்தி ஒன்னு. பழைய மேனுவல் எல்லாம் கிலோ மீட்டர்ல போட்டிருக்கும், தூரம் இல்ல சாமி, கிலோகிராம் மீட்டர், நம்ம ரெஞ்ச்ல நியூட்டன் மீட்டர். 9.8 ஆல பெருக்கிக்கணும். மரையில எண்ணெய் இருந்தா அதே டார்க்குல போல்ட் இன்னும் அதிகமா இழுபடும், அதனால துடைச்சுட்டு இறுக்கினேன். பொதுவா கிடைக்கற போல்ட் டார்க் அட்டவணைய இதுக்கு எடுக்காதீங்க, அது ஓட்ட இல்லாத போல்ட்டுக்கு போட்டது.

லைன்ல இருந்த காத்த வெளியேத்திட்டு டியூப் துண்ட திரும்ப பம்புக்கு முன்னாடி வச்சு ஓடவிட்டேன், ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் சுத்தமா ஒரே ஓட்டம், குமிழ் இல்ல. இன்ஜின் சூடாகி ஆறினதுக்கப்புறம் திரும்ப செக் பண்ணேன், புது வாஷர் கொஞ்சம் உக்காந்திருந்துச்சு, அதே டார்க்குக்கு லேசா நகந்துச்சு. போல்ட் தலையிலேர்ந்து வளையம் வரைக்கும் பெயிண்ட்ல ஒரு கோடு போட்டுட்டேன், லூஸானா கோடு விலகும்.

பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்ல இத செய்யறவங்களுக்கு: பல கார்ல லைன்ல சுமார் 3 பார் பிரஷர், வண்டி ஆஃப் பண்ணினாலும் உள்ள நிக்கும், முதல்ல அத இறக்கி பேட்டரி நெகட்டிவ் கழட்டிட்டு ஆறின இன்ஜின்லதான் கை வைக்கணும். டார்ச் வேல எல்லாம் வண்டிக்கு எட்டத்துல.

பம்ப் கழட்டாமயே வண்டி இப்ப காலையில நிக்காம ஓடுது. பாக்கி இருக்கறது மிச்ச டீசல் டேங்க்குக்கு திரும்பற ரிட்டர்ன் லைன்ல ஒரு ஃபிளேர் நட், அதுவும் யாரோ பிளையர்ல கடிச்சு வச்சிருக்காங்க. பைப்ப வெட்டி புதுசா ஃபிளேர் பண்ணணும், டூல் வந்ததும் எழுதறேன்.