கை கனத்ததற்கு யார் காரணம் சொல்வது?

பக்கவாதத்தால் வலுவிழந்த கைக்குப் பயிற்சி தரும் ரோபோக்களுக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. அண்மையில் ஒரு பயிற்சியைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பிடியைப் பற்றித் திரையில் தெரிந்த புள்ளியை நோக்கி நகர்த்திக்கொண்டிருந்த அம்மையார் திடீரென நிறுத்தி, இடக்கையால் வலக்கை விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "நேற்றைவிடக் கனக்கிறதே, கை மறுபடியும் விழுந்துவிட்டதா?" என்று கேட்டார்.

நடந்ததோ நேர்மாறு. அவருடைய கை புள்ளியைத் தானாகவே எட்டத் தொடங்கியிருந்ததால்தான் ரோபோ தன் தாங்கலைக் குறைத்திருந்தது. எந்திரமே கையை முழுவதும் தூக்கிக்கொடுத்தால் நோயாளியின் சொந்த முயற்சி தளர்ந்துவிடும் என்பதால், தேவைக்கு மட்டும் உதவுவது இத்துறையில் நன்கு வேரூன்றிய முறை. நோயாளியின் அசைவுக்கு இணங்கிக் கொடுக்கும் வடிவமைப்பு, நெவில் ஹோகனும் ஹெர்மானோ இகோ கிரெப்ஸும் அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கூடத்தில் உருவாக்கிய எம்ஐடி-மேனஸ் என்ற முன்னோடிக் கைப்பயிற்சி ரோபோவிலேயே இருந்தது. ஆனால் முன்னேற்றத்தின் அடையாளமான அந்தக் கனம், காரணம் சொல்லப்படாததால், அவருக்குத் தோல்வியாகப் பட்டது. இது எங்கள் பிழை.

முதலில், தாங்கல் குறையும்போதெல்லாம் "நன்றாகச் செய்கிறீர்கள்" என்று ரோபோவைப் பேசவைத்தோம். அதைச் சில நாட்களிலேயே நீக்கினோம். ஏனெனில் தசை இறுகும்போது பாதுகாப்புக்காகவும் ரோபோ விசையைக் குறைக்கும், அப்போது அந்தப் பாராட்டு பொய்யாகிவிடும். இப்போதெல்லாம் மொழி மாதிரிகள் எனப்படும், மனிதரைப் போல எழுதும் செயற்கை நுண்ணறிவு நிரல்களைக் கொண்டு சரளமான விளக்கங்களை எழுதவைப்பது எளிது, ஆயினும் விசையை மாற்றிய அதே கணக்கிலிருந்து பிறக்காத விளக்கம் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் நோயாளியின் முன் வைக்கத் தகாதது என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.

மனிதர்கள் பெரும்பாலும் "அப்படிச் செய்யாமல் ஏன் இப்படிச் செய்தாய்" என்றே காரணம் கேட்கிறார்கள் என்று செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் டிம் மில்லர் 2019இல் வெளியான தம் ஆய்வுரையில் எடுத்துக்காட்டியிருக்கிறார். அந்த அம்மையாரின் கேள்வியும் நேற்றையும் இன்றையும் ஒப்பிட்டதுதான். இயன்முறை மருத்துவருக்கு வேண்டியது வேறு: எந்த அளவைத் தாண்டியதும் விசை மாறியது, அதைத் தாம் எப்படி மாற்றலாம் என்பது.

இப்போது விசையைக் குறைக்கும் முன்பே ரோபோ சொல்கிறது: "கடந்த ஐந்து முறையும் நீங்களே எட்டினீர்கள். அடுத்த முறை குறைவாகத் தாங்குகிறேன், கை கனமாகத் தோன்றும். சம்மதமா?"

அந்த அம்மையார் அதைக் கேட்டுச் சற்று யோசித்து, "இன்று வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். ரோபோ பழைய அளவிலேயே தாங்கியது.