பதினான்கு நோட்டும் ஒரு சப்பாத்துப் பெட்டியும்

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்து வந்தால் கோப்பியோடு வாசலில் உட்கார்ந்து பேப்பரை வெட்டுவார். பெரும்பாலும் தமிழ் நேசன். 1924இல் தொடங்கிய அந்தப் பேப்பர் 2019இல் நின்றே போனது. அப்பாவும் இப்போது இல்லை. அவர் வெட்டி ஒட்டிய பதினான்கு நோட்டுகள் பினாங்கு ஜெலுத்தோங் வீட்டு அலமாரியில் இருக்கின்றன.

ஒருநாள் அம்மா கேட்டார்: "ஏம்மா, அந்த ஜெட்டி இடிஞ்ச நியூஸ் எந்த நோட்டுல இருக்கு?" ஜெட்டி என்று அவர் சொல்வது படகுத்துறையை. கண்டுபிடிக்க ஒரு மாலை முழுதும் போய்விட்டது. அப்பா இருந்திருந்தால் நோட்டை எடுத்து நேராக அந்தப் பக்கத்தைத் திறந்திருப்பார். எது எந்தப் பக்கம் என்ற அடைவு அவர் தலைக்குள் இருந்தது. சரி, தலைப்புக்கு ஓர் அட்டை என்று நாமே ஒன்று போடுவோம் என ஆரம்பித்தேன். இதுவரை நான்கு நோட்டுகள் முடிந்திருக்கின்றன.

முதலில் செய்தது தப்பு. ஒன்பது வகை பிரித்தேன்: கோயில், பள்ளி, விபத்து, அரசியல், போக்குவரத்து, இப்படி. ஒவ்வொரு கட்டிங்கும் ஒரு வகைக்குள் போக வேண்டும் என்று விதி. ஜெட்டிச் செய்தியிலேயே விதி முறிந்தது. 1988 ஜூலை 31, பட்டர்வொர்த் படகுத்துறை இடிந்து 32 பேர் இறந்த நாள். அன்று கடலுக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் திருவிழா, தீவில் இந்தப் பக்கம் ஜார்ஜ்டவுனில் குவான் யின் ஊர்வலம், அதனால்தான் ஃபெர்ரிக்கு அவ்வளவு கூட்டம். இது விபத்தா, போக்குவரத்தா, திருவிழாவா? முடிவெடுக்க முடியாததையெல்லாம் 'பலவகை'யில் போட்டுக்கொண்டே வந்தேன். இரண்டாவது நோட்டு முடியும்போது பாதிக்குப் பாதி பலவகைதான்.

அகராதிக்கு முந்திய சொற்பொருள் நூல்களான நிகண்டுகளை எழுதியவர்கள் பட்ட பாடும் இதுதான் என்று அப்போது தோன்றியது. திவாகர நிகண்டு சொற்களைத் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று பன்னிரண்டு தொகுதியாக அடுக்குகிறது. மனப்பாடம் செய்தவருக்கு அது பொக்கிஷம். மற்றவருக்கு, தேடும் சொல் எந்தத் தொகுதியில் இருக்கும் என்பது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். ரேவண சித்தர் 1594இல் அகராதி நிகண்டில் சொற்களை எழுத்து வரிசைக்குக் கொண்டுவந்தார். 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி வந்தது. எழுத்து தெரிந்தால் போதும், தேடிவிடலாம்.

ஆனாலும் வகையை அடியோடு விட மனமில்லை. சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் ரங்கநாதன் நூல்களை வகைப்படுத்த 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையைப் பற்றி எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. லண்டன் கடையொன்றில், துண்டுகளைப் பூட்டி உருவம் செய்யும் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தபோது அவருக்கு அந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். ஒரு பொருளை ஒரே அறையில் அடைக்காமல், அதன் முகங்களைத் தனித்தனியாகப் பிரித்துவைத்து வேண்டியபடி பூட்டிக்கொள்வது. அவர் ஐந்து முகம் வைத்தார். எனக்கு நான்கு போதும்: யார் அல்லது எது, என்ன நடந்தது, எங்கே, எப்போது. ஜெட்டிக்கு இப்போது படகுத்துறை, இடிந்தது, பட்டர்வொர்த், 1988. பலவகை காலி.

அடுத்த தலைவலி தெருப்பெயர். ஒரே தெரு, அம்மாவுக்கு இன்றும் பிட் ஸ்ட்ரீட். தங்கை மகனுக்கு ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்றால்தான் தெரியும். நார்தம் ரோடு, ஜாலான் சுல்தான் அஹ்மட் ஷா கதையும் அப்படியே. புதுப் பெயரின் கீழ் எல்லாவற்றையும் வைத்து, பழைய பெயருக்கு 'காண்க' போட்டேன். இரண்டு மூன்று பக்க எண் மட்டும் இருக்கும் இடங்களில் இரண்டு பெயரிலும் எண்ணையே எழுதிவிட்டேன். இரண்டு எண்ணுக்காக அம்மாவை இன்னொரு அட்டைக்கு அலையவிடுவது நியாயமில்லை.

அட்டைகளைச் சப்பாத்துப் பெட்டியில் அடுக்கினேன். கணினியிலும் இருக்கட்டும் என்று தங்கை மகன் பைத்தான் என்ற நிரல்மொழியில் நாலு வரி எழுதி வரிசைப்படுத்தித் தந்தான். படகுத்துறை முதலில், பட்டர்வொர்த் பின்னால்! அகராதி வழக்கில் மெய் முன்னால், உயிர்மெய் பின்னால், ஆகவே பட்டர்வொர்த்தான் முதலில் வர வேண்டும். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் எண் தரும் யூனிகோடில் புள்ளிக்குக் கொடுத்திருக்கும் எண் எழுத்துகளின் எண்ணைவிடப் பெரியது, அதுதான் கோளாறு. எங்கள் ஜெலுத்தோங்கும், ஜ போன்ற கிரந்த எழுத்துகள் இருக்க வேண்டிய கடைசிக்குப் போகாமல், சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. "மெஷினுக்கு என்ன பெரியம்மா தெரியும்" என்றான். வரிசையை ஒரு பட்டியலாக எழுதிக் கொடுத்த பிறகு சரியானது.

எனக்குப் பிடித்த சிக்கல் 'வெள்ளி'. நம் ஊரில் அது காசும்தானே. அட்டையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால், 1894 முதல் தைப்பூசத்துக்கு ஓடும் வெள்ளி ரதம், கோயில் கட்ட யாரோ கொடுத்த ஐயாயிரம் வெள்ளி, வெள்ளிக்கிழமைப் பூசை நேர மாற்றம். இப்போது வெள்ளி (உலோகம்), வெள்ளி (காசு), வெள்ளி (கிழமை) என்று மூன்று அட்டைகள். திவாகரத்தின் பதினோராவது தொகுதியே ஒருசொல் பல்பொருளுக்குத்தான் என்பது இதைச் செய்தபோது ஞாபகம் வந்தது.

போன வாரம் பரீட்சை வைத்தேன். அம்மா இருபது கேள்வி கேட்க வேண்டும், நான் அட்டையைப் பார்த்து மட்டும் எடுக்க வேண்டும். பதின்மூன்று கிடைத்தது. தவறிய ஏழில் ஆறு நோட்டில் இருப்பவைதான். நான் 'வெள்ளி ரதம்' என்று எழுதியிருந்தேன், அம்மா 'செட்டிப்பூசத் தேர்' என்று கேட்டார். நான் 'படகுத்துறை', அவர் 'ஜெட்டி'. பேப்பர் தமிழில் தலைப்பு வைத்துவிட்டு வீட்டுத் தமிழில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அன்றிரவே ஆறு 'காண்க' அட்டைகள் சேர்த்தேன். ஏழாவது, அப்பா வெட்டவே இல்லை போல.

ஐந்தாவது நோட்டு நேற்று திறந்தேன். முதல் பக்கத்தில் பாதி சோப்பு விளம்பரம், ஓரம் பிசகாமல் வெட்டி ஒட்டியிருக்கிறது. இதை எதற்கு வைத்தார் என்று கால் மணி நேரம் யோசித்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பசைய மாத்தித் தடவிட்டாரு. செய்தி அந்தப் பக்கம்."

பிய்த்தால் கிழியும். இப்போதைக்கு அட்டை இப்படி இருக்கிறது: சோப்பு விளம்பரம், 5/1, பின்பக்கம் காண்க.