எல்லாம் லினக்ஸ் வந்த நேரம்

அக்கா சிங்கப்பூரிலிருந்து எங்கள் மலேசிய ஊரான குளுவாங்குக்கு வரும்போது அவள் வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் சாமான்கள் வரும். திரும்பும்போது நம் ஊர் அரிசி, மைலோ, சலவைத்தூள் போகும். இரண்டு நாட்டுப் பண மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் அப்படி. இந்த முறை அவள் பையிலிருந்து இறங்கியது, மகள் ஏ லெவல் பரீட்சை முடித்த கையோடு தூக்கிப் போட்ட டிஐ-84 பிளஸ் கால்குலேட்டர். அங்கே கணக்குப் பரீட்சைக்கு இந்த மாதிரி வரைபடம் போடும் கால்குலேட்டர் இல்லாமல் முடியாது. இங்கே பள்ளி இறுதிப் பரீட்சையான எஸ்பிஎம்முக்கு சாதாரண சயின்டிபிக் கால்குலேட்டர் போதும், இதைக் கொண்டுபோனால் பரீட்சை மண்டபத்து வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். "படிப்புக்கு உதவும்டா" என்று சொல்லி அக்கா அதைச் சின்னவன் கையில் கொடுத்தாள். படிவம் நான்கில் இருக்கும் சின்னவன் "தேங்ஸ் பெரியம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள், அதில் டெட்ரிஸ் ஏற்றலாம் என்பதைக் கண்டுபிடித்துவிட்டான்.

"மா, உங்க லேப்டாப்புல கனெக்ட் பண்ணி கேம் போட்டுக் கொடுங்களேன்."

என் லேப்டாப்பின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதில் ஓடிய விண்டோஸ் 10-க்கு ஆதரவை நிறுத்தி, 2025 அக்டோபர் 14-ஆம் தேதி மைக்ரோசாப்ட் காரியம் முடித்தது. 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற சில்லு இல்லாத இயந்திரங்களுக்கு இடம் கிடையாதாம். புது லேப்டாப் வாங்க வைத்திருந்த காசு லோரி டயராக உருண்டு போனது. அதனால் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டேன். காசு செலவில்லை, வேகமாகவும் ஓடுகிறது. ஆனால் அன்று முதல் இந்த வீட்டில் எது நடந்தாலும் அதற்கு லினக்ஸ்தான் காரணம். வைஃபை மெதுவானால் லினக்ஸ். பிரிண்டரில் தாள் சிக்கினால் லினக்ஸ். சாயந்தர இடிக்கு மெயின் சுவிட்ச் விழுந்த அன்றுகூட, இருட்டில் அம்மாவின் குரல் வந்தது: "அது வந்த நேரமே சரியில்ல." புதிதாக வந்த மருமகளைப் பற்றிப் பேசும் அதே தொனி. எங்கள் வீட்டில் மருமகள் இல்லாத குறையை லினக்ஸ் தீர்த்து வைத்திருக்கிறது.

சரி, கால்குலேட்டருக்கு வருவோம். டிஐ-84 பிளஸ்ஸின் தலையில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று 2.5 மில்லிமீட்டர் வட்ட ஓட்டை, இன்னொரு கால்குலேட்டரோடு பேசுவதற்கு. அப்பா தன் ரேடியோ இயர்போனை அதில் திணித்துப் பார்த்துவிட்டு, "செய்தி வராதா?" என்று கேட்டார். இன்னொன்று மினி யுஎஸ்பி. மைக்ரோவும் இல்லை, டைப் சி-யும் இல்லை. மினி. டைனோசர் காலத்தோடு அழிந்துபோன இனம். பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துக் கொட்டினோம். மூன்று தலைமுறை நோக்கியா சார்ஜர்கள், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள், அம்மாவின் ஊசி நூல், அப்பாவின் பழைய மூக்குக்கண்ணாடி எல்லாம் வந்தன. மினி யுஎஸ்பி மட்டும் வரவில்லை.

அப்போதுதான் வீட்டுக்காரர் லோரியிலிருந்து ஒரு கேபிளோடு கம்பீரமாக இறங்கி வந்தார். லோரி போகும் பாதையைப் படம் பிடிக்கும் டேஷ்கேமுக்கும் மினி யுஎஸ்பிதான். செருகினோம். கால்குலேட்டர் கல் மாதிரி கிடந்தது. லினக்ஸில் எல்எஸ்யுஎஸ்பி என்று அடித்தால் கணினியில் யார் யார் செருகியிருக்கிறார்கள் என்று பட்டியல் வரும். மவுஸ் இருந்தது, கேமரா இருந்தது, கால்குலேட்டரைக் காணோம்.

"லினக்ஸ்ல" என்றார் அவர், டாக்டர் நோயின் பெயரைச் சொல்வதுபோல.

இது சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளாக இருக்கும் என்றேன். யுஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்க வேண்டும். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, வெள்ளையும் பச்சையும் பேச்சுக்கு. மலிவான கேபிளில் பேச்சுக் கம்பிகளை மிச்சம் பிடித்துவிடுவார்கள். "வயர்னா வயர்தான், அதுல என்ன பேச்சு வயர்?" என்று அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. லோரி ஓட்டுபவரிடம் வயரைப் பற்றிப் பேசுவதே தப்பு. வாக்குவாதம் முற்றி, சமையலறைக் கத்தியை எடுத்துவந்து, தன் கேபிளைத் தானே நடுவில் அறுத்தார். உள்ளே சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. வீடே அமைதியானது. இருபது வருடக் குடித்தனத்தில் நான் சொன்னது சரி என்று இவ்வளவு தெளிவாக நிரூபணமான தருணம் வேறொன்று இல்லை. அனுபவிக்க விட்டார்களா? "இப்ப டேஷ்கேமுக்குக் கேபிள் இல்ல. இதெல்லாம் எதனால?" என்று கேட்டார். எதனால் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

பட்டணத்தில் ஹேண்ட்போன் சாமான் விற்கும் கடைக்குப் போனோம். கடைப் பையன் கேபிளின் பெயரைக் கேட்டதும், ஆயாவின் பாம்படத்தைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான். "மினியா? அதெல்லாம் பழசு லா, அக்கா. ஷோப்பியில பாருங்க." கேபிள் கிடைக்காத துக்கத்தை ஆற்ற, ரயில் ஸ்டேஷன் கோப்பிக்கடையில் ரொட்டி பாக்கார் என்ற சுட்ட ரொட்டியும் கோப்பியும் வாங்கித்தர வேண்டியதாயிற்று. 1938 முதல் அந்தக் கடை அங்கே ஓடுகிறது. அதுவரை வந்தவர்களில் மினி யுஎஸ்பி தேடி வந்த குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம். துக்கம் யாருக்கு என்று பார்த்தால், சின்னவன் மட்டும் இரண்டு தட்டு ரொட்டி சாப்பிட்டான்.

கடைசியில் கேபிள், மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் மலாய் அம்மாவின் எதிர்வீட்டிலேயே இருந்தது. மக்சிக் மகனின் பழைய கேம் பெட்டி, பிளேஸ்டேஷன் 3. கையில் பிடித்து ஆடும் அதன் கன்ட்ரோலருக்கு மினி யுஎஸ்பிதான், அதுவும் பேசும் கம்பி உள்ள கேபிள். நான் ஒரு டப்பா முறுக்கு கொண்டுபோனேன், மக்சிக் கேபிளோடு ஒரு தட்டு குயே பலகாரமும் கொடுத்தனுப்பினார். இது மட்டும்தான் இந்தக் கதையில் சிக்கல் இல்லாமல் நடந்த வேலை.

செருகியதும் பட்டியலில் 0451 என்ற எண்ணோடு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்று வந்து நின்றது. டில்ப் என்ற நிரலை ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தேன். டிஐ கால்குலேட்டரையும் கணினியையும் பேச வைப்பதற்கென்று ஒரு பிரெஞ்சுக்காரர் தொடங்கி, பலர் கைசேர்த்து, இலவசமாகவே கொடுத்து வருவது. அதைத் திறந்தால் கால்குலேட்டரைத் தொட உனக்கு அனுமதி இல்லை என்றது. தோட்டத்து ஆபீஸ் மாதிரிதான். சாமான் வந்து இறங்கியிருக்கும், கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும், ஆனால் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி சீட்டில் கையெழுத்துப் போடாமல் ஒரு ஆணியைக்கூட எடுக்க முடியாது. லினக்ஸில் அந்தக் கிராணியின் பெயர் யூடெவ். 0451-காரர் வந்தால் இந்த வீட்டு ஆட்கள் தொடலாம் என்று ஒரு வரி விதியை எழுதி, அதற்குரிய அடைவில் வைத்து, கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினேன். பிடுங்கிச் செருகினால்தான் கிராணி புது விதியைப் படிப்பார்.

டில்ப் சன்னலில் கால்குலேட்டரின் வயிறு முழுவதும் தெரிந்தது. டெட்ரிஸை இழுத்துப் போட்டேன், ஒரு பட்டை ஓடியது, முடிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பட்டை ஓடி முடிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. திரும்பிப் பார்த்தால் கைதட்ட ஒருவரும் இல்லை. வீட்டுக்காரர் பந்து விளையாட்டு பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கால்குலேட்டருக்குள் இருப்பது இசட்80 என்ற சில்லின் வம்சம். 1976-இல் வந்த சில்லு, என்னைவிட மூத்தது. அசல் சில்லைத் தனியாகச் செய்து விற்பதை 2024-இல்தான் நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். திரை 96-க்கு 64 புள்ளி, கறுப்பு வெள்ளை. பயன்படுத்தக் கிடைக்கும் ரேம், அதாவது மின்சாரம் போனால் அழிந்துவிடும் நினைவு, 24 கிலோபைட். இவ்வளவுக்குள் டெட்ரிஸ் ஆடுகிறது என்பதே ஓர் அதிசயம் என்று சின்னவனுக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அவன் கொஞ்ச நேரம் ஆடினான். "மா, கலர் இல்லையா?" என்றான். அப்புறம் ஹேண்ட்போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். கத்தியால் கேபிள் அறுபட்டது, மக்சிக்கிடம் கடன் பட்டது, கிராணியோடு மல்லுக்கு நின்றது எல்லாம் இந்த ஒரு கேள்விக்காக.

கேட்பாரற்று மேசையில் கிடந்ததை அப்பா எடுத்தார்.

முதல் நாள் சண்டை. அந்தக் கால்குலேட்டரில் கழித்தல் குறி இரண்டு இருக்கும், ஒன்று கழிப்பதற்கு, மற்றது எதிர்ம எண் போடுவதற்கு. அப்பா மாற்றி அழுத்தினார். சின்டாக்ஸ் பிழை என்று வந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி வந்தது. "வயசானவன்னு பாக்காம எதிர்த்துப் பேசுது பாரு!" ரப்பர்த் தோட்டத்தில் பாலை எடைபோட்ட காலத்தில் வாய்க்கணக்காகவே எத்தனையோ பேர் சம்பளத்தைப் பிரித்தவர் அவர். ஆனால் விடவில்லை. பேரனைப் பிடித்து உட்காரவைத்து, பட்டியல் போடவும் அதை வரைபடமாக்கவும் கற்றுக்கொண்டார். அப்புறம் 555 என்ற தன் சின்னக் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்.

அந்தப் புத்தகத்தில் எங்கள் மூன்று ஏக்கர் செம்பனையின், அதாவது எண்ணெய்ப்பனையின், ஒவ்வொரு வெட்டுக்கும் எத்தனை குலை, எத்தனை கிலோ என்று இருக்கிறது. அதையெல்லாம் ஒற்றை விரலால் ஏற்றினார். வரைபடம் வந்தது. புள்ளிகள் இடமிருந்து வலமாக, மாடிப்படி இறங்குவதுபோல் இறங்கின. அப்பா நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக மாப்பிள்ளையைப் பார்த்தார்.

குலையை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போவது யார் லோரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"மாமா, மரத்துக்கு வயசாயிடுச்சு! இருபத்தஞ்சு வருசத்துல வெட்டிட்டு மறுநடவு போடணும்னு நீங்கதானே சொல்லுவீங்க!" என்று வீட்டுக்காரர் அலறினார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "படம் சொல்லுது" என்று மட்டும் சொன்னார். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அப்பளம் நொறுங்கும் சத்தம் மட்டும்தான். டேஷ்கேம் ஓடிக்கொண்டிருந்திருந்தால் லோரி வழியில் எங்கேயும் நிற்கவில்லை என்று காட்டியிருக்கலாம். ஆனால் அதன் கேபிள்தான் சமையலறையில் இரண்டு துண்டாகக் கிடக்கிறதே.

மறுநாள் அப்பா என்னிடம் வந்து, இந்தப் படத்தைத் தாளில் எடுக்க முடியுமா என்று கேட்டார். முடியும். டில்ப்பில் கால்குலேட்டர் திரையை அப்படியே படம் பிடிக்கலாம். லினக்ஸில் பிரிண்டரும் ஓடும், எவர் என்ன சொன்னாலும். ஏ4 தாளுக்குப் பெரிதாக்கியதில் ஒவ்வொரு புள்ளியும் பட்டாணி அளவுக்கு வந்தது. அதைக் கூடத்தில் நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறார். வீட்டுக்காரர் இப்போது அந்தச் சுவரைப் பார்க்காமல் நடக்கப் பழகிவிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே வந்திருக்கமாட்டேன். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் டார்ச்லைட் பேட்டரியை என்ன செய்வார்கள்? வேலை முடிந்ததும் கழற்றி வைப்பார்கள், காலையில் திரும்பப் போடுவார்கள், பேட்டரி தீராமல் இருக்க. கால்குலேட்டரில் நான்கு டிரிபிள் ஏ பேட்டரி. அப்பா ஒவ்வொரு இரவும் அந்த நான்கையும் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுத் தூங்கப் போகிறார். நினைவைக் காக்க உள்ளே ஒரு பொத்தான் பேட்டரியும் உண்டு, ஆனால் அது அக்கா மகள் கையிலேயே செத்திருக்க வேண்டும். காலையில் பேட்டரி போட்டால் ரேம் அழிந்தது என்று திரையில் எழுதிவருகிறது. மூன்று ஏக்கரும் போச்சு.

இதற்காக நான் தினமும் கோப்பி கலக்குவதற்கு முன்னால் மக்சிக் கேபிளைச் செருகி, கணினியில் சேமித்து வைத்த பட்டியல்களைத் திரும்ப ஏற்றுகிறேன். பொத்தான் பேட்டரி புதிதாக வாங்கியும் வைத்துவிட்டேன். அதைப் போட மூடியைத் திறந்து ஒரு திருகாணியைக் கழற்ற வேண்டும், அப்பா விடமாட்டேன் என்கிறார். "திறந்தா வாரண்டி போயிடும்." ஒரு பிள்ளை அதை வைத்துப் படித்து, பரீட்சை எழுதி, தூக்கிப்போட்ட சாமானுக்கு வாரண்டி!

போன ஞாயிற்றுக்கிழமை பாலோவிலிருந்து சித்தி வந்திருந்தார். அப்பா சுவரில் இருந்த படத்தைக் காட்டி, செம்பனை நிலவரம் சொல்லி, கால்குலேட்டரின் அருமை பெருமையெல்லாம் சொன்னார். "ஒரே ஒரு குறைதான். ராத்திரியானா எல்லாம் மறந்துடுது."

"ஏனாம்?"

"மக கம்ப்யூட்டர்ல ஏதோ லினக்ஸ் போட்டுட்டா. அதுல சொருகினதிலிருந்து இப்படி."

சித்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டுப் பாரேன்மா."

"அதெல்லாம் அப்பவே வச்சாச்சு" என்று அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள்.

ரௌட்டருக்குப் பின்னால் காய்ந்து கறுத்துக் கிடந்த எலுமிச்சம்பழம் எப்படி அங்கே வந்தது என்று அன்றுதான் தெரிந்தது. அதில் எறும்பு மொய்த்துக் கிடப்பதற்கும் லினக்ஸ்தான் காரணமாம்.