மூன்று மாதமா, ஐந்து மாதமா?

“மற்ற டொக்டர் மூன்று மாதம் என்றார். நீங்கள் ஐந்து என்கிறீர்கள். நான் எதைக் கேட்பது?”

படுவான்கரையிலிருந்து வந்த அந்த விவசாயியிடம், “குளிசை ஐந்து மாதம்தான் ஐயா, ஒரு நாளும் விடாமல் குடியுங்கள்” என்றேன். அவருக்கு வந்திருந்தது மெலியோய்டோசிஸ். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அந்தத் தயக்கமின்மைதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு பக்டீரியாவால் வரும் இந்தத் தொற்று மட்டக்களப்பு வைத்தியர்களுக்குப் புதிதல்ல. பெரும்போக மழைக்காலத்தில் நீரிழிவுள்ள விவசாயி ஒருவர் காய்ச்சலோடு வந்தால், எலிக்காய்ச்சலோடு இதையும் நினைத்து இரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புகிறோம். ஊசி மருந்து பற்றிக் குழப்பமில்லை. செஃப்டசிடைம் என்ற அந்த ஊசி மரணத்தை 74 வீதத்திலிருந்து 37 வீதமாகக் குறைத்ததைத் தாய்லாந்து ஆய்வொன்று 1989இலேயே காட்டிவிட்டது. அந்த விவசாயியின் மண்ணீரல் சீழ்க்கட்டியும் அந்த ஊசியில்தான் அடங்கியது.

குழப்பம், வீட்டுக்கு அனுப்பும்போது தொடங்குகிறது. கிருமி உடலில் ஒளிந்திருந்து மீண்டும் கிளம்பக்கூடும் என்பதால் கோட்ரைமொக்சசோல் குளிசையை மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். 626 பேரோடு நடந்து 2014இல் வெளியான தாய்லாந்து ஆய்வு, அதோடு டொக்சிசைக்ளின் என்ற இன்னொரு மருந்தைச் சேர்க்கத் தேவையில்லை என்று காட்டியது. அதில் கொடுத்தது 20 வாரம், ஏறக்குறைய ஐந்து மாதம். எலும்பிலோ மூளையிலோ தொற்று இல்லாவிட்டால் மூன்று மாதம் போதும் என்பது அவுஸ்திரேலியாவின் டார்வின் வழிகாட்டல். பின்னர் தாய்லாந்திலேயே 12 வாரத்தையும் 20 வாரத்தையும் ஒப்பிட்டார்கள். நோய் மீள்வதைத் தடுப்பதில் 12 வாரம் 20 வாரத்துக்குக் குறைந்ததல்ல என்று நிறுவ முடியவில்லை. ஆனால் 12 வாரம் குடித்தவர்களிடையே மரணம் குறைவாக இருந்தது.

இவையெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் “ஐந்துதான்” என்றேன்.

ஏனென்றால் அவர் கடதாசி உறையைக் கவிழ்த்துக் குளிசைகளை என் மேசையில் கொட்டியிருந்தார். பெரிய வெள்ளைக் குளிசைகள், காலையில் மூன்று, இரவில் மூன்று. “இதைக் குடித்தால் சோறு இறங்கவில்லை, டொக்டர். வெள்ளாமை வெட்டு வேறு வருகிறது.” மூன்றும் சரி, ஐந்தும் சரி என்று சொல்லியிருந்தால் இரண்டாவது மாதத்திலேயே விட்டிருப்பார் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். நோய் திரும்பி வந்து இறந்தவர்களைப் பார்த்த எவருக்கும் இந்தப் பயம் புரியும்.

ஆனாலும் அவர் கேட்டது நேரான கேள்வி. இரண்டு வைத்தியர்கள் இரண்டு விதமாகச் சொன்னதைக் கவனித்து, காரணம் கேட்டார். அந்த மனிதருக்கு விளங்காது என்று முடிவு செய்ய நான் யார்? மழை பிந்தினால் எந்த நெல்லை விதைப்பது என்று ஆண்டுதோறும் நிச்சயமில்லாமலே தீர்மானிப்பவர் அவர்.

நான்காம் மாதம் இரத்தத்தில் பொட்டாசியம் 5.9 என்று உயர்ந்து வந்தது. இந்தக் குளிசை அதைக் கூட்டக்கூடும்; மிகக் கூடினால் இதயத்துக்கு ஆபத்து. குளிசையை நானே நிறுத்தினேன். “அப்போ ஐந்து மாதம்?” என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது வருபவர்களிடம் மாற்றிச் சொல்கிறேன்: “மூன்று மாதம் கட்டாயம். அதற்குப் பிறகு இரத்தத்தைப் பார்த்து இரண்டு பேருமாக முடிவெடுப்போம்.” இதுவே நேர்மை என்று நம்புகிறேன். அப்படிச் சொல்லி அனுப்பிய ஒருவர் இரண்டாம் மாதக் கிளினிக்குக்கு வரவில்லை. தொலைபேசியில் அழைத்தோம். சுகமாகிவிட்டது, வயலில் நிற்கிறார் என்றார் மனைவி.