மடங்கிய கால் விரலை "வயசானா அப்படித்தான்" என்று விடாதீர்கள்

கால் விரல் நடுவில் மடங்கி, மூட்டு மட்டும் மேலே துருத்திக்கொண்டு நிற்கிறதா? அதைக் கையால் மெல்ல நிமிர்த்திப் பாருங்கள். நிமிர்ந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. நிமிராமல் விறைத்து நின்றால் மூட்டு இறுகிவிட்டது. அதற்கப்புறம் பயிற்சி செய்து நேராக்க முடியாது, உரசாமல் பார்த்துக்கொள்ளலாம், தொந்தரவு அதிகமானால் அறுவை சிகிச்சை.

என் அம்மாவுக்கு அது இரண்டாவது விரலில், அதாவது மெட்டி போடும் விரலில். பெருவிரல் உள்பக்கம் சாய்ந்து பக்கத்து விரலைத் தள்ளத் தள்ள அது மடங்கிக்கொண்டே வந்தது. மேலே செருப்பு வார் உரசிக் கால் ஆணி, கீழே மெட்டி அழுத்திச் சிவப்பு. மெட்டியைக் கழற்ற அம்மாவுக்கு மனசே வரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரையும் உண்டு என்பதால் நான் விடவில்லை.

சர்க்கரைக்கும் விரல் மடங்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் நிறைய. பாதத்துக்குள் இருக்கும் சின்னச் சின்னத் தசைகள்தான் விரல்களை நேராக வைத்திருக்கின்றன. சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டால் அவை சோர்ந்துபோகும். காலிலிருந்து இறங்கி வரும் நீளமான தசைநாண்களின் இழுப்பு ஓங்கி, விரல்கள் எல்லாமே கொக்கி போல வளையும். அதே நரம்புக் கோளாறு வலியையும் மறைத்துவிடும். தோல் கிழிந்து புண்ணானாலும் தெரியாது, செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. தொழுநோயிலும் இதே கதைதான். கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளிகளின் உணர்விழந்த கை கால்களுக்காகப் பாடுபட்டவர். அந்த நோயாளிகளுக்காக வந்த எம்.சி.ஆர். (மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பைத்தான் இன்று சர்க்கரைக்காரர்களும் கேட்டு வாங்குகிறார்கள். அதைப் போட வெட்கப்படுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதை வாங்கும்போது பின்பக்கம் வார் இருப்பதாகப் பாருங்கள், வார் இல்லாத செருப்பைப் பிடித்து நிறுத்த விரல்கள் நாள் முழுக்க மடங்கியே உழைக்கின்றன. கடைக்குச் சாயந்தரம் போங்கள், பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம் அது. நின்றபடி இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள். முன்பக்கம் அகலமாகவும் உயரமாகவும் இருக்கவேண்டும், நீளமான விரலுக்கு முன்னால் கைக்கட்டை விரல் அகலம் இடம் வேண்டும் (பலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம்). கூர்மூக்கு ஷூ, குதிகால் உயர்ந்த செருப்பு இரண்டும் வேண்டவே வேண்டாம்.

மடங்கிய விரல் இன்னும் நிமிர்கிற நிலையில் இருந்தால் தினமும் கையால் நீட்டிவிடுங்கள், தரையில் துண்டை விரித்து விரல்களால் சுருட்டி இழுங்கள். உரசும் இடத்துக்கு சிலிக்கான் உறை கிடைக்கிறது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சர்க்கரை இருப்பவர்கள் ஆணியை பிளேடால் சீவாதீர்கள், மெடிக்கலில் விற்கும் ஆணி பிளாஸ்டரையும் ஒட்டாதீர்கள். அதில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும். டாக்டரிடம் போனால் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார். விரல் நிமிர்கிற நிலையிலேயே நுனியில் காய்ப்போ புண்ணோ வந்தால், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து அடியில் இருக்கும் தசைநாணை வெட்டி இழுப்பைத் தளர்த்தும் சின்னச் சிகிச்சை உண்டு, அது உங்களுக்குச் சரிவருமா என்று அவரிடமே கேளுங்கள்.