இசை இதழ் முகப்பு: அளந்து பார்த்ததும் செய்து பார்த்ததும்

அளக்க எடுத்தவை நான்கு பிரிட்டிஷ் இதழ்கள்: என்.எம்.இ. (1952), கெர்ராங்! (1981), க்யூ (1986), மோஜோ (1993); அடைப்பில் இருப்பது தொடங்கிய ஆண்டு. அவற்றில் தெரிந்த இலக்கணத்தை வைத்து ‘மெட்டு’ என்ற பெயரில் தமிழில் ஒரு மாதிரி முகப்பு.

முதல் வேலை, அட்டையின் மேல் டிரேசிங் தாளைப் போட்டு மூன்று செங்குத்துப் பட்டைகளாகக் கோடு போடுவது. ஏ4 அகலம் 210 மி.மீ., ஆக பட்டைக்கு 70. கடை அலமாரியில் இதழ்களை ஒன்றை ஒன்று மறைக்கும்படி அடுக்கினால் கண்ணில் படுவது பெரும்பாலும் இடது பட்டை மட்டும்தான். க்யூவின் சிவப்புச் சதுரமும் அதற்குள் இருக்கும் வெள்ளை எழுத்தும் மேல் இடது மூலையில் உட்கார்ந்திருப்பதன் வசதி இங்கே புரியும். பெயர் முழுசாகவே அந்தப் பட்டைக்குள் அடங்கிவிடுகிறது. கெர்ராங்! அட்டை அகலம் முழுக்க ஓடுகிறது, ஆனால் எழுத்திலேயே விரிசல் விட்டிருப்பதால் பாதி மறைந்தாலும் அடையாளம் தெரியும். (பெயரே மின்கிட்டாரை ஓங்கி அடித்தால் எழும் ஓசைதான்.)

அடுத்தது படம். பாடகரின் மார்பளவுப் படம், பார்வை நேராகக் கேமராவில், கண்கள் மேலிருந்து சுமார் 99 மி.மீ.யில், அதாவது உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில். அப்படி வைத்தால் தலை இதழின் பெயர் மேல் ஏறியே தீரும். கணினியில் பின்னணி ஒரு லேயர் (அடுக்கு), பெயர் அதற்கு மேல், வெட்டியெடுத்த உருவம் எல்லாவற்றுக்கும் மேல். தலைமுடி ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் மாஸ்கை (உருவத்தை வெட்டியெடுக்கும் எல்லையை) 1 அல்லது 2 பிக்சல் உள்ளே சுருக்க வேண்டும். வெள்ளைச் சுவரை விட்டுவிட்டு நடுத்தரச் சாம்பல் நிறச் சுவர் முன் படம் எடுத்தால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

தமிழில் சிக்கல் இங்கேதான். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரே உயரம். நடுவில் கொஞ்சம் மறைந்தாலும் வாசித்துவிடலாம். ‘மெட்டு’வில் தலை சரியாகப் புள்ளியின் மேல் ஏறியதும் ‘மெடடு’ ஆகிவிட்டது. புள்ளியைப் பெரிதாக்கியும் பயனில்லை. உருவத்தை 18 மி.மீ. வலப்பக்கம் தள்ளி, கடைசி எழுத்தின் ஓரம் மட்டும் மறையும்படி வைத்ததும் சரியானது. பெயர் வைக்கும்போதே புள்ளியும் விசிறியும் (‘கி’யில் வரும் மேற்குறி) எங்கே விழுகின்றன என்று பார்த்துக்கொள்வது நல்லது. செய்தித் தலைப்புகளுக்கும் இதே கதை: ஆங்கிலத்தில் வரிகளை நெருக்கி அடுக்கலாம், தமிழில் எழுத்தளவைப் போல 1.3 மடங்காவது வரி இடைவெளி விடாவிட்டால் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் விசிறியும் மோதும்.

நிறம் மூன்றுக்கு மேல் வேண்டாம். அதில் ஒன்றைப் பாடகரின் உடையிலிருந்தே எடுத்தால் அட்டை ஒட்டவைத்தது போலத் தெரியாது.

அச்சுக்கு: நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விட்டு 216 × 303 மி.மீ.; 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 2551 × 3579 பிக்சல். திரையில் பளிச்சென்றிருந்த நீலம் சி.எம்.ஒய்.கே.வுக்கு (நான்கு மை கலக்கும் அச்சு நிறமுறைக்கு) மாற்றியதும் மங்கும், ஆகவே நிறத்தைத் தேர்ந்தெடுப்பதே அந்த முறையில் இருக்கட்டும். நான்கு மையும் கலந்த கருப்பின் மேல் சின்ன வெள்ளை எழுத்து வைத்தால் அச்சுத் தகடுகள் இம்மி விலகினாலும் எழுத்து அடைபடும். அந்த இடத்தில் கருப்பு மை மட்டும் போதும்.

பார்கோடு முழு அளவில் 37.29 × 25.93 மி.மீ.; 80 சதவீதம் வரை சுருக்கலாம். பக்கவாட்டு வெள்ளை இடத்தை வெட்டினால் ஸ்கேனர் படிக்காது. கோடுகளைச் சிவப்பாக்குவது அழகுதான், ஆனால் ஸ்கேனரின் சிவப்பு ஒளியில் சிவப்பும் வெள்ளையும் ஒன்று.

கடைசிச் சோதனை: தாளில் அச்செடுத்து, வலப்புறம் இரண்டு பட்டைகளை வேறொரு இதழால் மூடி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பது. ‘மெ’ தெரிந்தது, முக்கியச் செய்தித் தலைப்பு தெரியவில்லை. அது வலப்பக்கம் இருந்தது, இடப்பக்கம் மாற்றியாயிற்று. என்.எம்.இ. 2015இல் இலவச இதழானது; விலை கொடுத்து வாங்க வைக்கும் கட்டாயம் இல்லாத முகப்புக்கு இந்த இடப்பட்டைக் கணக்கு எவ்வளவு தேவை என்பதை அந்த ஆண்டுக்கு முந்தைய, பிந்தைய அட்டைகளை அருகருகே வைத்து அளக்க வேண்டும். அடுத்த வேலை அதுதான்.